அயர்லாந்தில் கவிதையை யார் வாசிக்கிறார்கள்? ஒரு சாவு வீட்டில் வந்த சந்தேகம்

#1 | மழைக்கோட்டு

எல்லாருக்கும் வணக்கம். டப்ளினில் நர்ஸ் வேலை, வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கவிதைக்கும் எனக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்போடு செய்யுள் பகுதிக்குக் கும்பிடு போட்டவள்.

போன மாதம் கூட வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா தவறிவிட்டார். மீத் கவுண்டியில் ஒரு சின்ன ஊர். சர்ச்சில் பூசை முடியப் போகிற நேரம், மூத்த மகன் எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரிக்கவே இல்லை. கையில் பிடித்தபடியே சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் மற்றவர்கள் எல்லாம் பூசைக்குப் போய்விட்டார்கள், அம்மாவும் பையனும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். பாதியில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் விவசாயி போல, நகக்கண்ணெல்லாம் மண். அவருக்கும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஷேமஸ் ஹீனி கவிதை என்று அப்புறம் சொன்னார்கள். சரி என்று வேலைக்கு வந்ததும் டீ நேரத்தில் கேட்டேன், உங்களில் யார் வீட்டில் ஹீனி புத்தகம் இருக்கிறது? ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தர் வீட்டிலும் இல்லை. ஒருத்தி மட்டும், "அம்மா வீட்டுப் பரணில் பள்ளிக்கூடப் புத்தகம் கிடக்கலாம்" என்றாள்.

புத்தகம் இல்லை, ஆனால் கவிதை இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் கவிதையை வாசிக்கிறார்களா, வேறு என்னமோ செய்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் எங்கே தொடங்கலாம் என்பதையும் சேர்த்து.

#2 | சால்ட்ஹில்காரன்

அக்கா, அது 'கிளியரன்சஸ்' என்ற எட்டு சானெட் (பதினாலு வரிக் கவிதை) வரிசையில் மூன்றாவது. ஹீனியின் அம்மா 1984-ல் இறந்தார், அவருக்காக எழுதியது. 1987-ல் வந்த 'தி ஹா லான்டர்ன்' தொகுப்பில் இருக்கிறது. 2015-ல் ஆர்.டி.ஈ. தொலைக்காட்சி 'அயர்லாந்துக்கு ஒரு கவிதை' என்று, அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் மக்களுக்குப் பிடித்தது எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. பத்துக் கவிதைகள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. விடுதலைக் கிளர்ச்சியைப் பற்றி யேட்ஸ் எழுதிய 'ஈஸ்டர் 1916' கூட அதில் இருந்தது. ஜெயித்தது உங்கள் உருளைக்கிழங்குதான். விடுதலைப் போரை ஒரு பக்கெட் கிழங்கு தோற்கடித்துவிட்டது என்று ஆபீசில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வாசிக்கிறார்களா என்றால், என் பதில் ஒரே வார்த்தை: பள்ளிக்கூடம். என் பையன் இந்த வருஷம் லீவிங் சர்ட், நம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. ஆங்கிலத்தில் உயர்நிலைத் தாள் எடுத்தால் எட்டுக் கவிஞர்களைப் பட்டியலாகக் கொடுப்பார்கள். தாளில் நாலு பேர் வருவார்கள், ஒருவரைப் பற்றி எழுதினால் போதும். ஐந்து பேரைப் படித்துவிட்டால் எப்படிப் போனாலும் ஒருவர் மாட்டுவார். இந்தக் கணக்கு இங்கே ஒவ்வொரு வீட்டு சமையலறையிலும் ஓடும். ஜூன் நெருங்கினால் பேப்பரிலும் ரேடியோவிலும் 'இந்த முறை யார் வருவார்' என்று ஜோசியம். கவிஞர் பெயரை வைத்து ஒரு நாடே பந்தயம் கட்டுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பரண் புத்தகம் அனேகமாக 'சவுண்டிங்ஸ்' ஆகத்தான் இருக்கும். 1969-ல் தற்காலிகமாகத்தான் போட்டார்கள். அட்டையிலேயே 'இடைக்காலத் தொகுப்பு' என்று இருக்கும். இடைக்காலம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நீண்டது. 2010-ல் மறுபதிப்பு போட்டபோது ஐம்பது வயதுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஓரத்தில் கிறுக்கிவைத்த படங்களோடு பழைய பிரதியையே பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு.

#3 | பழுப்புத்தாள்

மனப்பாடத்தை எல்லாம் வாசிப்பு என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இருபது வருஷமாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். பரீட்சைக்குப் படித்த வரி நாற்பது வருஷம் கழித்து வாயில் வருகிறது என்றால் அது ஞாபகசக்தி. அதில் ரசனைக்கு என்ன பங்கு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அந்த ஞாபகத்தில் யாரை வைத்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள்? 'சவுண்டிங்ஸ்' தொகுப்பில் ஒரே ஒரு பெண். அவரும் அமெரிக்கர், எமிலி டிக்கின்சன். ஐரிஷ் பெண் ஒருவர்கூடக் கிடையாது. சரி, அது 1969. 1991-ல் 'ஃபீல்ட் டே' தொகுப்பு வந்தது, மூன்று பெரிய பாகங்கள், ஐரிஷ் எழுத்தின் ஆயிரத்தைந்நூறு வருஷம் முழுதும் இதில் என்றார்கள். பெண்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். கூச்சல் எழுந்து, பெண்களுக்கென்றே நாலாவது ஐந்தாவது பாகம் போட்டார்கள், 2002-ல். பந்தி முடிந்தபிறகு தனி இலை போட்ட மாதிரி. அதற்கப்புறமாவது பாடம் படித்தார்களா? 2017-ல் ஐரிஷ் கவிஞர்களைப் பற்றிய கேம்பிரிட்ஜ் கையேடு வருகிறது. முப்பது கவிஞர்கள், அதில் பெண்கள் நாலு பேர். அதை எதிர்த்துத்தான் 'ஃபயர்ட்!' என்ற இயக்கம் கிளம்பியது. கையெழுத்து வாங்கினார்கள், மறந்துபோன பெண் கவிஞர்களின் கவிதைகளை ஊர் ஊராகக் கூட்டம் போட்டு வாசித்தார்கள்.

ஆகவே அக்கா, தொடங்குவதென்றால் ஹீனியிடம் வேண்டாம். அவர் எங்கேயும் ஓடிவிட மாட்டார், போஸ்டரிலும் இருக்கிறார், சுவரிலும் இருக்கிறார். ஈவன் போலண்ட் என்ற பெண் கவிஞரிடம் தொடங்குங்கள். 'குவாரண்டீன்' என்று ஒரு சின்னக் கவிதை, இருபது வரி. 1847 குளிர்காலம், பஞ்சத்தின் உச்சம். ஒருவன் ஏழை விடுதியிலிருந்து காய்ச்சல் கண்ட மனைவியோடு வடக்கே நடக்கிறான். அவளால் நடக்க முடியவில்லை, முதுகில் தூக்கிக்கொள்கிறான். காலையில் இருவரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அவள் பாதங்கள் அவன் நெஞ்செலும்போடு ஒட்டியிருக்கின்றன. கடைசிச் சூட்டை அங்கே கொடுத்திருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு, காதல் கவிதை எழுதுகிறவர்கள் யாரும் இந்த வாசல்படியை மிதிக்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு போடு போடுவார். அந்தப் பத்துக் கவிதைகளின் இறுதிச் சுற்றில் இதுவும் இருந்தது. ஜெயிக்கவில்லை.

#4 | மழைக்கோட்டு

பஸ்ஸில் போனில் படித்தேன் சார். என் ஸ்டாப் தாண்டிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் இருக்கும் நோயாளியிடம் போனால் நாங்கள் போர்வையை விலக்கி முதலில் தொட்டுப் பார்ப்பது பாதத்தைத்தான். சூடு கால்விரலிலிருந்துதான் இறங்கும், முழங்காலில் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அந்த அம்மாவுக்கு (போலண்டுக்கு) இது தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்தான், மாரோடு அணைத்தான் என்று எழுதாமல் பாதம் என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். அதற்கப்புறம் எனக்கு மற்ற எதுவும் படிக்க ஓடவில்லை.

#5 | லகான்_கரை

வணக்கம். நான் பெல்ஃபாஸ்டில் இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். பழுப்புத்தாள் ஐயா சொன்னதை மறுக்க வரேல்லை. ஆனால் 'வாசகர்' எண்டால் யார் எண்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு கதை இருக்கு.

1988-ல் இங்கே லிஸ்பர்ன் ரோட்டில் ஐஸ்கிரீம் கடையில் நிண்டவரை ஐ.ஆர்.ஏ. எண்ட ஆயுத இயக்கம் சுட்டுக் கொன்றது. அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் மைக்கேல் லாங்லி எண்ட கவிஞர் இருந்தவர். அவருடைய சின்ன மகள் அந்தக் கடைக்குப் போய் எந்த எந்த ருசி இருக்கு எண்டு ஒப்புவிக்கிற பிள்ளை. ஆள் செத்தபிறகு தன்ர காசில் பூ வாங்கிக் கொண்டுபோய்க் கடைவாசலில் வைச்சிருக்கிறாள். லாங்லி பத்தே வரியில் ஒரு கவிதை எழுதினார். முதலில் ஐஸ்கிரீம் ருசிகளின் பெயர்கள். அப்புறம் அந்தச் சாவு, ஒரே வசனத்தில். பிறகு மேற்குக் கரையில் பரன் எண்ட கல்லுத் தரையில் ஒரே நாளில் தான் கண்ட காட்டுப் பூக்களின் பெயர்கள், இருபத்தொண்டு. வேற ஒண்டும் இல்லை. ஆறுதல் வார்த்தை இல்லை, ஆத்திரமும் இல்லை.

சில காலம் கழிச்சு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மகன்ர கடையில் இருந்த ஐஸ்கிரீம் வகையும் சரியா இருபத்தொண்டுதான் எண்டு எழுதி, கீழே 'ஐஸ்கிரீம்காரரின் அம்மா' எண்டு கையெழுத்து. லாங்லி கணக்குப் பார்த்து எழுதேல்லை. எண்ணிப் பார்த்தது அந்தத் தாய்.

எனக்கு வாசகர் எண்டால் அவதான். புத்தகம் எத்தனை போச்சுது எண்ட கணக்குக்குள்ள அவ வரமாட்டா.

1994 ஆகஸ்ட் 31-ல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவிச்ச அந்தக் கிழமை, செப்டம்பர் 3-ந் தேதி ஐரிஷ் டைம்ஸில் இவற்ர 'சீஸ்ஃபயர்' வந்தது. ஹோமரின்ர இலியட் காவியத்தில் கிழட்டு அரசன் பிரியாம் தன் மகனைக் கொன்றவன்ர கையை முத்தமிடுகிற இடம். பதினாலு வரி. 2002-ல் நாங்களும் ஒரு போர்நிறுத்தம் பார்த்த ஆட்கள், அதனால் அதை என்னால் ஒரே மூச்சில் படிக்க ஏலாது. லாங்லி 2025 ஜனவரியில் காலமானார்.

#6 | சும்மா_வந்தேன்

நானும் பார்க்கிறேன், பஞ்சம், துப்பாக்கி, சவப்பெட்டி. இந்த ஊர்க் கவிஞர்கள் யாராவது உயிரோடு இருக்கும் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.

#7 | சால்ட்ஹில்காரன்

தம்பி, பால் டர்கன் படி. கவிதைத் தலைப்பே கதை சொல்லும். ஜனாதிபதி மாளிகைக்கு வெளியே புல்லில் காதலியோடு படுத்திருப்பதைப் பற்றி ஒன்று, அப்போதைய ஜனாதிபதி டி வலேரா பழைய துப்பாக்கியோடு துரத்தி வருகிற மாதிரி. மேடையில் அவர் வாசிக்கும் முறை இருக்கிறதே, கிசுகிசுத்த குரலில் ஒரு பாதிரியார் பாவமன்னிப்பு கொடுப்பது போல ஆரம்பிப்பார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், திடீரென்று ஒரு வரியில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். கவிதை வாசிப்புக்கு ஆள் சேராது என்பதெல்லாம் அவர் விஷயத்தில் செல்லாது. அப்பாவைப் பற்றிய 'டாடி, டாடி' 1990-ல் விட்பிரெட் பரிசு வாங்கியது. அவரும் போய்விட்டார், 2025 மே மாதம். (சரி, உயிரோடு இருக்கும் ஆளைச் சொல்லு என்றாய், மன்னித்துக்கொள்.)

உயிரோடு இருக்கிறவர், இளைஞர்: ஸ்டீபன் செக்ஸ்டன், பெல்ஃபாஸ்ட். 2019-ல் வந்த முதல் தொகுப்பு முழுக்க சூப்பர் மாரியோ வேர்ல்டு வீடியோ கேம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கவிதை. பையன் கேம் ஆடிக்கொண்டிருக்கிறான், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அம்மா புற்றுநோயில்... பார், இதுவும் அங்கேதான் போய் முடிகிறது. என் தப்பு இல்லை.

ஆனால் மதுக்கடை மாடிகளுக்கு வந்தால் வேறு காற்று. கார்க்கில் 2007-ல் 'ஓ வேல்' என்று திங்கள்கிழமை வாசிப்பு தொடங்கினார்கள். பெயருக்கு 'வாயிலிருந்து' என்று பொருள். கூட்டத்திலிருந்து ஐந்து வார்த்தைகள் கேட்பார்கள். பதினைந்து நிமிஷத்தில் ஐந்தையும் வைத்துக் கவிதை எழுதி எழுந்து வாசிக்க வேண்டும். நான் போன இரவு விழுந்த வார்த்தைகளில் ஒன்று 'டயர் பஞ்சர்'. எழுதியவர் ஒரு பிளம்பர், பரவாயில்லாமல்தான் எழுதினார். எங்கள் கால்வேயில் 2003 முதல் 'ஓவர் தி எட்ஜ்' வாசிப்புகள், நகர நூலகத்தில். அதை நடத்தியவர்களில் ஒருவரான கெவின் ஹிக்கின்ஸ் அரசியல்வாதிகளை உரித்து உப்புக்கண்டம் போட்டவர். 2023-ல் இறந்துவிட்டார்.

பாட்ரிக் கவானா என்ற கவிஞர் சொன்னதாக இங்கே ஒரு நக்கல் உண்டு: ஐரிஷ் கவிஞர்களின் நிரந்தரப் படை ஒருபோதும் பத்தாயிரத்துக்குக் கீழே போவதில்லையாம். படை இருக்கிறது. மக்கள் இருக்கிறார்களா என்பதுதான் அக்காவின் கேள்வி.

#8 | பழுப்புத்தாள்

படைக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

1969-லேயே எழுத்தாளர்களின் படைப்பு வருமானத்துக்கு வரி விலக்கு. 1981-ல் 'ஏஸ்டானா' என்ற கலைஞர் அமைப்பை உருவாக்கி, தேர்ந்தெடுத்த கலைஞர்களில் தேவைப்படுபவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை. 2022-ல் கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம், 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ, சோதனை முயற்சியாக. 1998 முதல் 'அயர்லாந்தின் கவிதைப் பேராசிரியர்' என்று ஒரு பதவி. 2011 முதல் 2025 வரை ஜனாதிபதியாக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸே கவிஞர். நல்லதுதான், வயிற்றெரிச்சல் இல்லை. (கொஞ்சம் உண்டு.)

ஆனால் அரசாங்கம் இவ்வளவு அணைத்துக்கொண்டால் கவிதை விமான நிலையச் சுவருக்குப் போய்விடும். ஹீனி 'தி கியூர் அட் ட்ராய்' நாடகத்தில் நம்பிக்கையும் வரலாறும் எதுகை சேர்வதைப் பற்றி எழுதிய வரியை கிளின்டன் 1995-ல் டெர்ரியில் சொன்னார், பைடன் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார். அந்த நாடகத்தை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? ஒருவருடைய வரி எல்லார் வாயிலும் இருந்து, அவரை யாரும் வாசிக்காமல் இருப்பது சாத்தியம். நமக்குத் தெரியாததா, திருக்குறள் எழுதாத பஸ் உண்டா?

#9 | லகான்_கரை

ஐயா, வரி தேய்ஞ்சு போறது உண்மைதான். ஆனால் 2013 ஆகஸ்ட் 30-ல் ஹீனி செத்தார். ரெண்டு நாள் கழிச்சு குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் கெரிக்கும் கேலிக் ஃபுட்பால் அரையிறுதி. எண்பதினாயிரம் சனம். ஒரு கவிஞருக்காக எழும்பி நிண்டு நிமிசக்கணக்கில் கைதட்டினது. அதை எந்த அரசாங்கமும் காசு குடுத்துச் செய்விக்க ஏலாது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் பூட்டினபோது ஆர்.டி.ஈ. இரவுச் செய்தியின் கடைசியில் டெரெக் மான் தன்ர கவிதையை வாசிச்சது. எல்லாம் சரியாகிடும் எண்ட மாதிரி முடியிற கவிதை. அண்டைக்கு எத்தனை பேர் செத்தது எண்டு சொல்லிப்போட்டு, அதற்குப் பிறகு அது. அவரும் அந்த அக்டோபரில் செத்துப்போனார்.

#10 | கேல்ஸ்கோல்_அம்மா

எல்லாரும் ஆங்கிலக் கவிதையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கெரியில் இருக்கிறேன், பிள்ளைகள் ஐரிஷ் மொழி வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று நானும் கற்றுக்கொண்டேன். முதல் ஆறு மாதம் பெயரை வாசிக்கவே போய்விட்டது. எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. எழுத்தைப் பார்த்து 'தோம்நைல்' என்று வாசித்தேன், 'கோனல்' என்று பையன் திருத்தினான்.

அந்த நூலா நி கோனலைத்தான் சொல்ல வந்தேன். இங்கிலாந்தில் பிறந்து, ஐந்து வயதில் கெரியின் ஐரிஷ் பேசும் கிராமத்துக்கு வந்து வளர்ந்தவர். ஐரிஷில் மட்டும் கவிதை எழுதுகிறார். 'மொழிப் பிரச்சினை' என்று அவருடைய கவிதை ஒன்று உண்டு. குழந்தை மோசேயை நாணல் கூடையில் வைத்து, தார் பூசி, ஆற்றில் விடுவது போல, என் நம்பிக்கையை இந்த மொழியென்னும் சின்னப் படகில் வைத்து விடுகிறேன், எந்த அரசகுமாரியின் மடியில் போய்ச் சேருமோ என்கிறார். பால் மல்டூன் என்ற கவிஞர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1990-ல் வந்த அந்தத் தொகுப்புக்கே 'பார்வோனின் மகள்' என்று பெயர். பதின்மூன்று கவிஞர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள், அந்த அரசகுமாரி யார்? ஆங்கிலமா? எஜமான் வீட்டுப் பெண் எடுத்து வளர்த்தால்தான் பிள்ளை பிழைக்குமா? படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

பிடி ஜென்கின்சன் என்ற புனைபெயரில் எழுதுகிறவர் இதற்கு நேர் எதிர். தன் கவிதைகளை அயர்லாந்துக்குள் ஆங்கிலத்தில் பெயர்க்க விடுவதில்லை என்று முடிவெடுத்தவர். மற்ற எந்த மொழிக்கும் போகட்டும், ஆங்கிலத்துக்கு வேண்டாம். எல்லாவற்றையும் இழப்பில்லாமல் ஆங்கிலத்தில் சேமித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன மரியாதைக்குறைவான சைகை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மைக்கேல் ஹார்ட்னெட் 1974-ல் டப்ளின் பீகாக் தியேட்டர் மேடையில் இனி ஆங்கிலத்தில் எழுத மாட்டேன் என்று அறிவித்தார். அடுத்த வருஷம் 'ஆங்கிலத்துக்கு விடை' வந்தது. பத்து வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1985-ல் ஹைக்கூ எழுதிக்கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனசு வராது. யாரும் கேட்காத வீட்டில் பத்து வருஷம் பேசிப் பாருங்கள்.

2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72,000 பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் ஐரிஷ் மொழிக் கவிஞர் வாசகரைத் தேடுகிறார்.

#11 | சும்மா_வந்தேன்

அக்கா, ஐரிஷில் ஒப்பாரி உண்டு என்று கேள்விப்பட்டேனே, நம் ஒப்பாரி மாதிரியே?

#12 | கேல்ஸ்கோல்_அம்மா

உண்டு, 'கீனா' என்பார்கள். 'நம்ம மாதிரியே' என்று சொல்லி முடித்துவிடாதே தம்பி, அந்தக் கதையைக் கேள். 1773 மே மாதம், கார்க் கவுண்டியில் ஆர்ட் ஓ லியரி. கத்தோலிக்கர் உயர்ந்த குதிரை வைத்திருக்கக் கூடாது, யாராவது ஐந்து பவுண்டு நீட்டினால் விற்றாக வேண்டும் என்று சட்டம். மறுத்தார், சுட்டுக் கொன்றார்கள். குதிரை ஆளில்லாமல் வீடு திரும்பியது. மனைவி எலீன் துவ் மூன்றே பாய்ச்சலில் அதன் முதுகில் ஏறிப் போகிறாள். முட்புதர் ஓரம் கணவன் கிடக்கிறான். ரத்தத்தைக் கையில் அள்ளிக் குடிக்கிறாள். இதை அவளே பாடுகிறாள். எழுதி வைக்கவில்லை. பாட்டுக்காரப் பெண்கள் வாய்வழியே வைத்திருந்து, அப்புறம்தான் ஏட்டில் ஏறியது.

டிரன் நி கிரீஃபா என்ற கவிஞர் 2020-ல் 'எ கோஸ்ட் இன் தி த்ரோட்' எழுதினார். நாலு குழந்தைகளின் அம்மா. பால் வங்கிக்குக் கொடுப்பதற்காக மார்பில் பம்பை வைத்துப் பால் கறந்துகொண்டே, இன்னொரு கையில் ஒப்பாரியின் கசங்கிய ஒளிநகலைப் படிக்கிறார். எலீனின் வாழ்க்கையைத் தேடிப் போகிறார். ஆவணங்களில் அவள் இன்னாரின் மனைவி, இன்னாரின் அத்தை, அவ்வளவுதான் கிடைக்கிறது. உரைநடைப் புத்தகம், அந்த வருஷத்தின் சிறந்த ஐரிஷ் புத்தகம் என்று பரிசு வாங்கியது. கடைசியில் ஒப்பாரி முழுவதும் இரு மொழியிலும் இருக்கிறது. கவிதை வாங்க மாட்டேன் என்கிறவர்கள் உரைநடை வாங்கி, பின்னாடியே 18-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கவிதையையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊர் பார்மசிக்காரி இரண்டு பிரதி வைத்திருக்கிறாள், ஒன்று இரவல் கொடுக்க.

#13 | மழைக்கோட்டு

பால் பம்பு பிடித்துக்கொண்டு படிப்பது! என் பெரியவள் பிறந்தபோது நைட் டூட்டி இடைவேளையில் அதே கோலம். ஆனால் நான் படித்தது ரோஸ்டர். நூலகத்தில் முன்பதிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஹீனி கவிதையைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், எங்க அம்மாவுக்குப் போனில் சொல்வதற்காக. ஒரு இடம் உதைக்கிறது. சீவிய கிழங்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளிக்குள் விழுவதற்கு 'சோல்டர்' ஒப்புமை சொல்கிறார். என்ன போடுவது?

#14 | பழுப்புத்தாள்

பற்றாசு என்று அகராதியில் இருக்கிறது. போட்டால் உங்கள் அம்மா போனை வைத்துவிடுவார். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் வைக்கிறது என்போமே, அது போதும். சூட்டுக்கோலிலிருந்து ஈயம் சொட்டுகிற மாதிரி. சொட்டு விழுந்த இடத்தில் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொள்ளும், அம்மாவும் பையனும் போல. மௌனத்தை ஒவ்வொரு சொட்டாக உடைக்கவும் செய்கிறது, இரண்டு பேரை ஒட்டவும் செய்கிறது. மனுஷன் சும்மா போடவில்லை அந்த வார்த்தையை.

(ஹீனியில் தொடங்க வேண்டாம் என்று சொன்னவன்தான். பார்த்தீர்களா, என்னையே இழுத்துவிட்டீர்கள்.)

ஒன்றே ஒன்று, அதன்பின் நான் பேசாமல் இருக்கிறேன். வாக்கெடுப்பின் அந்தப் பத்தில் பாலா மீஹனின் கவிதையும் இருந்தது, கிரானார்டு ஊர் மாதா சிலை பேசுவதாக. 1984 ஜனவரி 31, ஆன் லவெட் என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, யாருக்கும் தெரியாமல் மாதா கெபியில் தனியாகக் குழந்தை பெற்று, குழந்தையும் இறந்து அவளும் இறந்தாள். ஊரே வாயைத் திறக்கவில்லை. மீஹன் சிலையைப் பேச வைத்தார். அந்தப் பிள்ளை என் காலடியில் கிடந்து கூப்பிட்டபோது நான் அசையவில்லை என்று மாதாவே ஒப்புக்கொள்கிறாள். 1991-ல் ஒரு கத்தோலிக்க நாட்டில் இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். இதைச் சாவு வீட்டில் யாரும் வாசிக்க மாட்டார்கள். இதற்கும் வாசகர் வேண்டும் இல்லையா?

#15 | சால்ட்ஹில்காரன்

வேண்டும் சார். இருக்கவும் செய்கிறார்கள். பாடப்பட்டியலும் முன்னே மாதிரி இல்லை. நைஜீரியாவில் பிறந்து லாங்ஃபோர்டில் வளர்ந்த ஃபெலிஸ்பீக்ஸ் எழுதிய 'ஃபார் அவர் மதர்ஸ்' லீவிங் சர்ட் பாடத்தில் சேர்ந்துவிட்டது. மேடையில் பேசிப் பெயர் வாங்கிய கவிஞர். லாங்ஃபோர்டு தெரியும்தானே? கிரானார்டு இருக்கும் அதே கவுண்டி.

#16 | மழைக்கோட்டு

தாமதத்துக்கு மன்னிக்கவும், நாலு நாள் நைட்.

மீஹன் கவிதையை இரவு மூன்று மணிக்கு நர்ஸ் ஸ்டேஷனில் படித்தேன் சார். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

சால்ட்ஹில் அண்ணா பள்ளிக்கூடம் என்றாரே, அது சரியா என்று தோழியிடமே கேட்டுவிட்டேன். அவள் அண்ணனுக்கு அறுபது வயது, படித்தது 'சவுண்டிங்ஸ்'தான். அதில் ஹீனியே கிடையாதாம்! சரி, வரி எடுத்துக் கொடுத்த பெரியவர்? அவர் வாத்தியார்தான், ஆனால் கணக்கு வாத்தியார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்தபோது அவருடைய மகள் அதே சர்ச்சில் நின்று இதே கவிதையை வாசித்தாளாம். அங்கேதான் தோழியின் அண்ணன் முதலில் கேட்டது. அப்போதே, நம் அம்மாவுக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டாராம். உதடு அசைத்த விவசாயி அந்த ஊரில் ஒரு சாவையும் விடாமல் போகிறவராம்.

மடித்த காகிதத்தைப் பிரிக்காமலே சொன்னாரே, அவ்வளவு மனப்பாடமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன், பிரித்தாலும் ஒரு எழுத்து தெரியாது. அதை மட்டும் யாரிடமும் சொல்லாதே என்றாள்.